அந்த எருமைக் கணக்குதான் தொராஜாவின் உறவுக் கணக்கு

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். "தொராஜா மலைக்கிராமத்துக்கு அதன் இறுதிச் சடங்கு பலமா, பாரமா?" இதுதான் இன்றைய தலைப்பு. தொராஜா என்பவர்கள் இந்தோனேசியாவில் மலையில் வாழும் ஒரு மக்கள். பலம் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு சாவுக்காக வயலை அடகு வைக்கிறார்கள் என்றார். வைக்கிறார்கள். மலையை விட்டுத் தொலைவில் மக்காசாரிலும் கலிமந்தானிலும் பப்புவாவிலும் பிள்ளைகள் உழைத்து அனுப்புகிற பணம் ஒரு வாரத்தில் எருமையாகவும் பன்றியாகவும் கரைந்துபோகிறது என்றார். கரைகிறது. வெள்ளையும் கறுப்புமாகத் திட்டு விழுந்த தெடோங் போங்கா என்கிற எருமை ஒன்று அவர்கள் நாட்டுக் காசில் பல கோடி ரூப்பியாவுக்கு விலைபோகிறது, உயர்குடிக் குடும்பம் என்றால் 24 எருமை, சில சமயம் அதற்கு மேலும் வெட்டுகிறார்கள். இதையெல்லாம் மறைத்து வைத்துக்கொண்டு நான் வாதாடப் போவதில்லை.

சகோதரி, செலவை எண்ணிய நீங்கள் வரவை எண்ணவே இல்லை. அதுதான் என் குறை.

முதலில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், தெற்குக் கரையில் இருக்கும் மக்காசாரிலிருந்து வடக்கே எட்டு மணி நேரம் பஸ்ஸில் மலை ஏறினால் ராந்தேபாவோ என்ற சின்ன நகரம். அதற்குப் பக்கத்திலேயே கேத்தே கேசு, மேலே செசேயான் மலைச்சரிவில் பத்துதுமொங்கா என்று சுற்றிலும் கிராமங்கள். நடுவில் ஒரு நீளமான முற்றம். ஒரு பக்கம் வடக்கைப் பார்த்து வரிசையாக வீடுகள், எதிர்ப்பக்கம் அவற்றைப் பார்த்தபடி வரிசையாக நெற்களஞ்சியங்கள். வீட்டுக்குப் பெயர் தோங்கோனான், களஞ்சியம் அலாங். மூங்கிலை அடுக்கி வேய்ந்த கூரை இரண்டு முனையிலும் படகு மாதிரி மேலே தூக்கி நிற்கும் (இப்போது பல வீடுகளில் தகரம் வந்துவிட்டது, செலவு குறைவு). சுவர் முழுக்கக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நான்கே நிறத்தில் செதுக்கு வேலை. வாசல் பக்கத்துத் தூணைப் பாருங்கள். அடியிலிருந்து மேல் வரைக்கும் எருமைக் கொம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். அந்த வீட்டில் நடந்த ஒவ்வொரு பெரிய சாவும் அதில் இருக்கிறது. எதிரணிக்கு அது வீண்செலவின் சாட்சியாகத் தெரிகிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் வம்ச வரலாறு.

தோங்கோன் என்றால் அவர்கள் மொழியில் உட்கார்வது. உட்கார்ந்து பேசித் தீர்க்கிற இடம் தோங்கோனான். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் உரிமை வருவதால் ஒரு ஆளுக்கு ஒரு வீடு மட்டும் சொந்தமில்லை, பல தோங்கோனான்களுக்கு அவர் பிள்ளை. அத்தனை வீட்டுச் சாவுக்கும் அவர் வர வேண்டும், அத்தனை வீட்டாரும் அவர் வீட்டுச் சாவுக்கு வருவார்கள்.

சரி, சடங்குக்கு வருவோம். ராம்பு சோலோ என்று பெயர், இறங்குகிற புகை என்று அர்த்தம். வீடு புதுப்பிப்பது போன்ற நல்ல காரியங்களுக்கு ராம்பு துக்கா, ஏறுகிற புகை. உயிர் போனவுடனே ராம்பு சோலோ நடந்துவிடாது. உறவு கூடணும், பணம் சேரணும், மாதக்கணக்கிலும் ஆகும், வருடக்கணக்கிலும் ஆகும். அதுவரை இறந்தவர் அவர்களுக்கு இறந்தவரே இல்லை, தோ மக்குலா, உடம்பு சரியில்லாதவர். உடலைப் பதப்படுத்தி வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சாப்பாடு கொண்டுபோய் வைக்கிறார்கள், பேசுகிறார்கள், வெளியூர்ப் பிள்ளை வந்தால் முதலில் அவரிடம் போய்ச் சொல்கிறார்கள். ஒரு அம்மாவை ஒரே நாளில் இழக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க ஒரு சமூகம் இப்படி வழி செய்து வைத்திருக்கிறது. இதைப் பாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் அந்த நாள் வருகிறது. முற்றத்தைச் சுற்றி விருந்தினருக்காக லந்தாங் என்ற மூங்கில் கொட்டகைகள். ஒவ்வொரு குடும்பமும் வரிசையாக உள்ளே நுழைகிறது, முன்னால் எருமை, பின்னால் மூங்கில் கழியில் கட்டித் தூக்கிவரும் பன்றி. ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து மொய் எழுதுகிற மாதிரி எழுதுகிறார், யார் வீட்டிலிருந்து வந்தது, என்ன எருமை, கொம்பு எவ்வளவு நீளம். கொம்பைக் கையோடு வைத்து அளப்பார்கள், விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரையா, முழங்கை வரையா என்று. ஏன் இத்தனை துல்லியம்? நாளைக்கு அந்த வீட்டில் சாவு விழுந்தால் இவர்கள் அதே அளவு எருமையோடு போய் நிற்க வேண்டும். எதிரணி இதைக் கடன் என்கிறது. ஆமாம், கடன்தான். தலைமுறை தாண்டியும் தீராத கடன். எனக்கும் பப்புவாவில் வேலை பார்க்கிற என் சித்தப்பா பேரனுக்கும் நடுவே அப்படி ஒரு கடன் நின்றால், அவன் என்னை மறக்கவே முடியாது, நானும் அவனை விட முடியாது. அந்தக் கடன் முழுக்க அடைந்துவிட்டால் அவன் எதற்காக இந்த மலை ஏறி வரப் போகிறான்?

வெட்டிய இறைச்சி எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பலக்காயான் என்று உயரமாக ஒரு மூங்கில் மேடை. அதன்மேல் நின்று பெயர் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். ஊரெல்லாம் சமைக்கிறது, மூங்கில் குழாயில் திணித்து நெருப்பில் வாட்டுகிற பாப்பியோங் தொராஜாவுக்கே உரிய பண்டம். போலு சந்தையில் ஆறு நாளைக்கு ஒருமுறை எருமை வியாபாரம், அதை நம்பி வளர்ப்பவர், குளிப்பாட்டுபவர், மேய்ப்பவர் என்று எத்தனை பிழைப்பு. வெட்டுகிற ஒவ்வொரு தலைக்கும் உள்ளாட்சிக்கு வரி. காசு காற்றில் போகவில்லை நடுவர் அவர்களே, பெரும்பங்கு அந்த மலையிலேயே சுற்றுகிறது.

எதிரணி இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நானே சொல்கிறேன். எந்தக் குடி, எத்தனை எருமை என்று ஏற்றத்தாழ்வு இருக்கிறது. கீழே இருந்தவர்கள் ஒரு காலத்தில் அடிமைகள். பெற்றோர் சாவுக்கு யார் எத்தனை எருமை கொடுத்தாரோ அதைப் பொறுத்து வயலில் பங்கு என்ற பழைய வழக்கமும் உண்டு, ஏழைப் பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கும்? இது எனக்கும் உறுத்துகிறது, மாற வேண்டியதுதான். மாறவும் செய்கிறது. இறைச்சியை அங்கேயே ஏலம் விட்டுத் தேவாலயத்துக்கும் பொதுக் காரியத்துக்கும் கொடுக்கிறார்கள். அடகு வேண்டாம் என்று சொல்லுங்கள், நானும் கூடச் சொல்கிறேன். அதற்காகச் சடங்கையே பாரம் என்று தள்ளாதீர்கள்.

இது பலமில்லை என்றால் இத்தனை காலம் எப்படி நிலைத்து நின்றது? 1906இல் டச்சுப் படை மலை ஏறியது, எதிர்த்து நின்ற தொராஜாத் தலைவர் போங் திக்குவை 1907இல் சுட்டுக் கொன்றது. 1913இல் மிஷனரிகள் வந்தார்கள். இன்று தொராஜாக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். முன்னோர் வழியான அலுக் தோ தொலோவை அரசு 1969இல் இந்து சமயத்தோடு சேர்த்து அங்கீகரித்தது, பின்பற்றுவோர் குறைந்துவிட்டார்கள். ஆட்சி மாறி, மதம் மாறி, பிள்ளைகள் கடல் தாண்டிப் போன பிறகும் பாதிரியார் ஜெபம் செய்கிற அதே முற்றத்தில் வட்டமாகக் கைகோத்து மா பாடோங் என்ற சாவுப் பாட்டைப் பாடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாம் அந்தஸ்துக்காகத்தான் என்றார் சகோதரி. கம்பிரா என்ற தொராஜாக் கிராமத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு பழைய தார்ரா மரம் இருக்கிறது, கீறினால் பால் வடிகிற மரம். பல் முளைக்கும் முன்னே இறந்த குழந்தைகளை முன்பெல்லாம் அதன் தண்டில் குழி வெட்டி உள்ளே வைத்து, ஈச்சநார் போன்ற பனைநாரால் மூடினார்கள். அந்தப் பாலைக் குடித்து மரத்தோடு வளரட்டும் என்று நினைத்தார்கள். பெருங்கூட்டம் இல்லை, எருமை வரிசை இல்லை, நோட்டில் எழுத யாரும் உட்காரவில்லை. வெட்டிய இடத்தை மரம் வருடக்கணக்கில் தானே மூடிக்கொண்டது. அந்தச் சதுரத் தழும்புகளை இன்றும் அங்கே எண்ணிப் பார்க்கலாம், நடுவர் அவர்களே.