இடம் போனாலும் விக்கி இருக்க வேண்டும்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நாஞ்சில் நாட்டுக் குளங்களின் பெயர்கள், குளச்சல் மீனவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் குறிக்கும் சொற்கள், பனையேறிகளின் கருவிகள், ஊருக்கு ஊர் மாறும் வில்லுப்பாட்டுக் கதைகள், மட்டி முதல் செந்துளுவன் வரையான வாழை வகைகள் ஆகியவற்றைப் பலர் கூடி எழுதித் திருத்தும் இணையதளமான ஒரு விக்கி, தனி ஆசிரியர் எவராலும் எழுதிவிட முடியாத நூல். ஆனால் அது இருக்கும் சேவையகம் என்னும் இணையக் கணினிக்குப் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் கட்டணம் செலுத்துகிறார். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கிறது. அவர் நோயில் படுத்தாலோ, வெளிநாட்டு வேலைக்குப் போனபின் புதுப்பிக்க மறந்தாலோ, அத்தனை பேரின் உழைப்பும் சில வாரங்களில் இணையத்திலிருந்து நீங்கிவிடும். இலவசமாக இடம் தரும் நிறுவனத்தை நம்பினாலும் நிலைமை மாறாது. யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் தளத்தை 2009இல் மூடியது. ஆசிரியர்கள் பலர் பாடங்களைத் தொகுத்து வைத்திருந்த விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடத் தொடங்கியது. முன்னறிவிப்பு வந்தும், அதைப் பார்க்க ஆளில்லாத பக்கங்கள் பல அழிந்தன.

விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளையே நம் ஊர்க் குழுக்களும் பயன்படுத்தலாம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். பக்கங்களை எக்ஸ்எம்எல் என்னும் உரை வடிவக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி அதிலேயே உண்டு. முழு வரலாற்றோடு இறக்கினால், ஒவ்வொரு பக்கத்தின் எல்லாத் திருத்தங்களும், அவற்றைச் செய்தவர் பெயரும், நாளும், குறிப்பும் அதில் இருக்கும். இதைச் செய்து முடித்ததும் எல்லாம் கைக்கு வந்துவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். வழக்கமாக எடுக்கும் அந்தக் கோப்பில் படங்கள் இருப்பதில்லை. கல்வெட்டின் ஒளிப்படமும், பாட்டியின் பாட்டைப் பதிந்த ஒலிக்கோப்பும் சேவையகத்தில் வேறொரு கோப்புறையில் இருக்கின்றன. அந்தக் கோப்புறையைத் தனியே படியெடுக்க வேண்டும். உறுப்பினர் கணக்குகளும் எக்ஸ்எம்எல்லில் வராது. அவற்றுக்கு, விக்கியின் தகவல்கள் எல்லாம் சேமிக்கப்படும் தரவுத்தளத்தையே முழுமையாக இறக்க வேண்டும். அமைப்புகள் எழுதப்பட்ட கோப்பையும் உடன் எடுத்து வைக்க வேண்டும்.

எக்ஸ்எம்எல் படியையும் தரவுத்தளப் படியையும் ஒரே விதமாகக் கையாளக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தரவுத்தளப் படியில் உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளும், மறையாக்கப்பட்ட கடவுச்சொற்களும் இருப்பதால், அது நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று பேரைத் தாண்டிப் போகக் கூடாது. பொதுப் பக்கங்களின் எக்ஸ்எம்எல் கோப்பையோ கேட்பவருக்கெல்லாம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் தமிழ் விக்கிப்பீடியாவின் இத்தகைய படிகளை அவ்வப்போது வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள விடுகிறது. சேவையகத்தில் நுழைய வழியில்லாத விக்கியாக இருந்தாலும், வெளியிலிருந்தே பக்கங்களையும் படங்களையும் திரட்டும் கருவிகளை விக்கிடீம் என்னும் தன்னார்வக் குழுவினர் உருவாக்கியிருக்கிறார்கள். 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்தில் அவர்கள் அவ்வாறு திரட்டியவற்றைச் சேர்க்கிறார்கள். ஆனால் தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதுதான் இந்தக் கருவிகள் உதவும்.

இணைய இணைப்பில்லாத பள்ளிக்காக, இணையமின்றி வாசிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளுக்கான கோப்பாக விக்கியை மாற்றி வைப்பது நல்ல பணிதான். வாசிக்க அது போதும்; ஆனால் அதிலிருந்து விக்கியை மீண்டும் எழுப்பித் திருத்தத்தைத் தொடர முடியாது. திருத்த வரலாறு அதில் இல்லை. பிறர் பகிரவும் பயன்படுத்தவும் இசைவு தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுதியவர்களின் பெயரைக் குறிப்பிட்டே பகிர வேண்டும் என்ற நிபந்தனை உண்டு என்பதால், எழுதியவர் பெயர்கள் வேறு வழியில் சேர்க்கப்படாவிட்டால், வரலாறு இல்லாத படி சட்டப்படியும் குறையுடையதாகலாம். உரிமம் எதையும் அறிவிக்காத விக்கிக்கு இதைவிடப் பெரிய சிக்கல்: நாளை வேறொருவர் அதை எடுத்து நடத்த முன்வந்தால், எழுதிய ஒவ்வொருவரையும் தேடிப் போய் இசைவு கேட்க வேண்டியிருக்கும். ஆகவே உரிமத்தை முதல் நாளே எழுதி வையுங்கள்.

மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது கணினித் துறையினர் சொல்லும் நெறி. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் தாக்கியபின் நம் ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லாமலிருந்ததை நீங்கள் அறிவீர்கள். நாகர்கோவிலில் ஒரு படியும் தக்கலையில் ஒரு படியும் வைத்துவிட்டால் ஒரே புயல் இரண்டையும் தொட்டுவிடும். எனவே ஒன்றாவது சென்னையிலோ, அதற்கு அப்பாலோ இருக்கட்டும்.

எடுத்த படி உண்மையில் பயன்படுமா என்பதை அறிய ஒரே வழி, வேறொரு கணினியில் வெறும் மீடியாவிக்கியை நிறுவி, அந்தப் படியிலிருந்து முழு விக்கியையும் எழுப்பிப் பார்ப்பதுதான். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறியிருக்கலாம், பல பக்கங்களில் திரும்ப வரும் வார்ப்புருக்கள் உடைந்திருக்கலாம், படங்கள் வராமல் போயிருக்கலாம். பழைய சேவையகம் உயிரோடு இருக்கும்போது இவை தெரிந்தால் சரிசெய்துவிடலாம். விக்கியை நிறுவியவர் அல்லாத ஒருவர், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குறிப்பைத் திருத்துங்கள். இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், அவர் இல்லாவிட்டால் யார் செய்வார் என்பவற்றையும் அதே குறிப்பில் சேர்த்து, குழுவில் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.