தீபாவளிச் சாப்பாடு: நாய்க்கும் பூனைக்கும் எதை வைக்கக் கூடாது, ஏன்?

[காட்சி: அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிறது. சமையலறை வாசலில் நாய்.]

"பாவம், பார்த்துக்கிட்டே இருக்கு, ஒரு வாய் வை." தீபாவளியன்று எல்லா வீட்டிலும் யாராவது இப்படிச் சொல்வார்கள். அந்த ஒரு வாயில் முதலில் கவனிக்க வேண்டியது வெங்காயம்.

அரைக் கிலோ கறிக்குக் கால் கிலோ வெங்காயம் சாதாரணமாகப் போகும். வதங்கிக் கரைந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். 10 கிலோ நாய்க்குச் சுமார் 150 கிராம் ஆபத்து. 4 கிலோ பூனைக்கு 20 கிராமே போதும், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம். பூண்டு எடைக்கு எடை இன்னும் கடுமை.

ஒரே வேளையில் அவ்வளவும் தின்றால்தான் என்றில்லை. மூன்று நாள் சுடவைத்து நாம் சாப்பிடும் குழம்பை நாய்க்கும் தினமும் பிசைந்து வைத்தால், பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். சோர்வு, வெளிறிய ஈறு, காப்பி நிறச் சிறுநீர் எல்லாம் சில நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் தீபாவளிக் குழம்பை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

[காட்சி: தட்டோரம் ஒதுக்கிய எலும்புகள்.]

அடுத்தது எலும்பு. வெந்த எலும்பு கடித்ததும் கூராகச் சிலும்பும். தொண்டையிலோ குடலிலோ குத்தும். கோழிக்கால் எலும்பு இதில் மோசம். வளையமாக வெட்டிய நல்லி எலும்பு கீழ்த்தாடையில் கோரைப்பல்லைத் தாண்டி மாட்டிக்கொள்ளும். மயக்க மருந்து கொடுத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். குக்கரில் மாவாக வெந்த எலும்பும் நல்லதல்ல. குடலில் சுண்ணாம்பாக இறுகி, முக்கி முக்கியும் மலம் வராது.

பாயசத்திலும் கேசரியிலும் போடும் காய்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் தாங்கும், இன்னொன்று சிலவற்றிலேயே விழும். காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதப்படுகிறது. நம் புளியிலும் அதே அமிலம்தான். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2022-இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஆகவே வத்தக்குழம்பும் புளியோதரையும் வேண்டாம். புளி ஊறிய கிண்ணத்தைத் தரையில் வைக்காதீர்கள்.

மைசூர்பாகு, அதிரசம் போன்ற நெய், எண்ணெய்ப் பலகாரங்கள் கணையத்தை வீங்க வைக்கலாம். விடாத வாந்தியோடு, முன்னங்கால் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நின்றால் வயிற்றுவலி என்று அர்த்தம்.

சாக்லேட் பெட்டி மேசையின் ஓரத்தில் இருக்கக் கூடாது. 10 கிலோ நாய்க்கு 100 கிராம் பால் சாக்லேட்டிலேயே வாந்தி, பேதி, படபடப்பு தொடங்கலாம். டார்க் சாக்லேட் என்றால் 40 கிராம். சர்க்கரை நோயாளிகளுக்கென்று வாங்கிய இனிப்பின் லேபிளில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பூட்டி அல்லது அதன் குறியீடான ஐஎன்எஸ் 967 இருக்கிறதா பாருங்கள். 1 கிராம் போனாலே அதே நாய்க்கு ரத்தச் சர்க்கரை சரியலாம், சில சமயம் அரை மணி நேரத்தில்.

[காட்சி: தனிப் பாத்திரத்தில் வெந்த கோழி.]

அப்போ அதற்கு என்னதான் வைப்பது? மசாலா போடுவதற்கு முன்பே எலும்பில்லாத இரண்டு மூன்று துண்டை எடுத்து, உப்பில்லாமல் தனியாக வேகவையுங்கள். சாதத்தில் பிசைந்து, நாம் உட்காருவதற்கு முன் வைத்துவிடுங்கள். வயிறு நிறைந்த நாய் இலையைச் சுற்றி வருவது குறையும். சாப்பிட்டு எழுந்ததும் எச்சில் இலையை மடித்து மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். வாசலில் வைத்தால் தெருநாய்க்கும் அதே எலும்புதான்.

தின்றுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் வாந்தி எடுக்க வைக்க வாய்ப்புண்டு. வீட்டில் உப்புக் கரைசல் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே உயிரைக் குடிக்கும். எலும்பு விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, வரும்போது கிழிக்கும்.

பண்டிகை நாளில் பல கிளினிக் மூடியிருக்கும். எது திறந்திருக்கும் என்று முந்தின நாளே கேட்டு, போன் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். போன் செய்தால் நான்கு விஷயம் சொல்லுங்கள்: எடை எவ்வளவு, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு. பாக்கெட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.