பூனை காதுக்குள்ள பட்ஸ் விடாதீங்க!

ஹாய் மக்களே! இன்னிக்கு கொஞ்சம் கடுப்போடதான் வந்திருக்கேன். இப்பதான் ஒரு ரீல்ஸ் பாத்தேன். தெருவுல இருந்து தூக்கிட்டு வந்த பூனை, காது பூரா கருப்பு அழுக்கு. பட்ஸை விட்டு நோண்டு நோண்டுன்னு நோண்டுறாங்க. என் பட்ஸ் பொலம்பல் உங்களுக்குப் பழகினதுதான், இன்னொரு தடவை கேட்டுக்கோங்க. பூனையோட காதுக்குழாய் நேரா போகாது. கீழ இறங்கி உள்பக்கமா வளையும். பட்ஸ் விட்டா அழுக்கு அந்த வளைவுல போய் அடைச்சுக்கும்.

அழுக்கு காபித்தூள் மாதிரி காஞ்சு உதிர்ந்தா பெரும்பாலும் காதுப்பூச்சிதான், அதாவது காதுக்குள்ள வாழுற குட்டி உண்ணி (ear mite). கருப்புப் பேப்பர்ல தட்டி லென்ஸ்ல பாருங்க, வெள்ளைப் புள்ளி நகரும். ஈரமா, மஞ்சளா, நாத்தமா இருந்தா பாக்டீரியா, ஈஸ்ட் மாதிரி ஏதாவது இருக்கலாம். அதுக்குப் பூச்சி மருந்து வேலைக்காகாது.

இப்போ இயர் க்ளீனர். பூனைக்குன்னே வர்றது, ஆல்கஹால் இல்லாதது. சொறிஞ்ச புண்ணுல ஆல்கஹால் பட்டா உயிர் போற எரிச்சல். அப்புறம் சூடு. இதை யாருமே சொல்றதில்ல, எனக்கு அதான் எரிச்சல்! பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டா ஜில்லுன்னும் இருக்கக்கூடாது, சுடவும் கூடாது. ஜில்லுன்னு ஊத்தினா பூனைக்குத் தலை சுத்தும், அடுத்த தடவை பாட்டிலைப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில. மைக்ரோவேவ் பக்கமே போகாதீங்க.

பூனையைத் துண்டுல சுத்தி, காது மடலை லேசா மேல தூக்கி, குழாய் நிறைய ஊத்துங்க. பாட்டில் முனை உள்ள போகக்கூடாது. காதடியை இருபது முப்பது செகண்ட் பிசைங்க, சளக் சளக்னு சத்தம் வரணும். விட்டுட்டு நகந்துக்கோங்க, தலையை உதறும், சுவரெல்லாம் தெறிக்கும். மேல வந்த அழுக்கைப் பஞ்சால, கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் மட்டும் துடைங்க.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன்! ஊத்துறதுக்கு முன்னாடி பாருங்க, தலை ஒரு பக்கமா சாஞ்சிருக்கா, தள்ளாடுதா? இருந்தா ஒரு சொட்டுகூட விடாதீங்க, நேரா வெட்கிட்ட (கால்நடை டாக்டர்) போங்க. செவிப்பறை கிழிஞ்சிருக்கலாம். பின்னங்கால் நகத்தையும் நுனி வெட்டிடுங்க. விடாம சொறிஞ்சா மடலுக்குள்ள ரத்தம் கட்டி உப்பிடும்.

க்ளீனர் அரிப்பைக் குறைக்கும், பூச்சி சாகாது. அதுக்கு வெட் எடை பாத்துத் தர்ற செலாமெக்டின் மாதிரி ஸ்பாட் ஆன்தான், அதாவது தோல்ல விடுற சொட்டு மருந்து. பிடரியில முடியை விலக்கித் தோல்ல விடணும், முடி மேல விட்டா வீண். முட்டை பூச்சியாக மூணு வாரம் ஆகும், அதனால அரிப்பு நின்னதும் மருந்தை நிறுத்தாதீங்க. வீட்டுல இருக்கற மத்த பூனை, நாய்க்கும் வெட்கிட்ட கேட்டு சேர்த்துப் போடணும், இல்லேன்னா திரும்ப ஒட்டிக்கும். ஆனா நாயோட சொட்டு மருந்தை எடுத்துப் பூனைக்கு விட்டுடாதீங்க. அதுல பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லி இருந்தா பூனைக்கு வலிப்பு வந்து செத்தே போகும். டீ ட்ரீ ஆயிலும் விஷம்தான்.