லூருக்கு எந்தக் கிளியர் கோட்? கொல்லங்கோட்டுப் பின்கட்டிலிருந்து

வணக்கம் மக்களே. கொல்லங்கோட்டில் என் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து பேசுகிறேன். ஓட்டில் மழை விழும் சத்தம் நடுவில் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் இங்கே அப்படித்தான்.

முதலில் இதைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். முள்முருக்குக் கட்டையில் நானே செதுக்கிய லூர், அதாவது மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டி வீசும் பொம்மை மீன், பத்து சென்டிமீட்டர். வைகாசியில் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் வீசினேன். ஒரு செம்பல்லி மீன் கவ்வியது, நேராகக் கல்லிடுக்குக்குள் இழுத்தது, தூண்டில் நரம்பு தளர்ந்தது, லூர் மட்டும் திரும்பி வந்தது. முதுகில் இந்தப் பல் தடங்களைப் பாருங்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை, அது பதக்கம். வருத்தம் வயிற்றில் இருக்கிறது. தூண்டில் முள் தொங்கும் திருகு வளையத்தைச் சுற்றி அம்மைக் கொப்புளம் போலப் பொங்கியிருக்கிறது பாருங்கள். நகத்தால் தொடுகிறேன். பெயிண்டும், அதைக் காக்க மேலே பூசிய நிறமற்ற கிளியர் கோட்டும் ஒன்றாக, அவித்த முட்டையின் தோல் போல உரிந்து வருகிறது. அடியில் கட்டை கறுத்துக் கிடக்கிறது. முகர்ந்தால் சதுப்பு வாடை.

எந்தக் கிளியர் கோட் உறுதியானது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இதற்கு மேல் பூசியது நல்ல கோட்தான். தண்ணீர் அதைத் துளைக்கவில்லை, வளையத்தின் ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது. நனைந்த கட்டை உப்பும். மேலே இருக்கிற கண்ணாடித் தோலுக்கு அந்த அளவு நீளத் தெரியாது. எங்காவது கீறல் விடும், அந்தக் கீறல் இன்னும் தண்ணீரைக் கூப்பிடும். ஆகையால் இப்போது வளையத்துக்கான ஓட்டையைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே போட்டுவிடுகிறேன். இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசினான எபாக்சியில் மெல்லியதைத் தீக்குச்சியால் ஓட்டைக்குள் விட்டு, கட்டை முழுவதும் ஒரு கை தடவி, மறுநாள் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் வண்ணம். கடைசியில் வளையத்தைத் திருகும்போதும் ஒரு சொட்டு எபாக்சி தொட்டுத் திருகுகிறேன். அப்படிச் செய்த ஒன்றை இரண்டு இரவு உப்புத் தண்ணீர் வாளியில் அமுக்கி வைத்தேன். கொப்புளம் இல்லை.

சரி, கோட்டுக்கு வருவோம். ஹார்டுவேர் கடையில் விற்கும் மர வார்னிஷையும் லாக்கரையும் நானும் அடித்துப் பார்த்தேன். பளபளப்பு இருக்கிறது, உடம்பு இல்லை. பாறையில் ஒருமுறை மோதினால் தீர்ந்தது. இன்னொரு தொல்லை, லாக்கரின் தின்னர் மார்க்கர் பேனாவில் போட்ட செதிலையெல்லாம் கரைத்து இழுத்துவிடும். லூரின் வாயில் நீட்டி நிற்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் நாக்கில் பட்டால் அது வெளிறி நுண்ணிய வெடிப்பு விடும். எதைப் பூசினாலும் நாக்கில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாகக் கிளியர். பாறசாலையில் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு சேட்டன் மிச்சம் இருந்ததைக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். வெயிலில் மஞ்சளாகாது, கீறல் எளிதில் விழாது, பார்க்கக் கடையில் வாங்கியது போலவே இருக்கும். ஆனால் படலம் மெல்லியது, நான்கைந்து முறை அடிக்க வேண்டும். அதை இறுக வைக்கும் பாகமான ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. துணி முகக்கவசம் அதற்குப் போதவே போதாது, ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடிய சரக்கு. பக்கத்து அறையில் குழந்தை தூங்கும் வீட்டில் அதைத் தெளிக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டறையும் சரியான கவசமும் இருப்பவர்கள் அடியுங்கள்.

ஈரத்தை உறிஞ்சி இறுகும் யூரித்தேன் ஒன்று உண்டு. காற்றில் இருக்கும் ஈரம்தான் அதை இறுக வைக்கும். லூரை முக்கித் தொங்கவிட்டால் போதும், எபாக்சி போல இறுகும்வரை சுழற்ற வேண்டாம். வலுவானது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கேட்கும்போது நம் ஊருக்கென்றே செய்தது போலத் தோன்றும். அங்கேதான் ஏமாந்தேன். நம் காற்றில் லூர் இறுகுவதற்குள் டின்னும் இறுகிவிடுகிறது. மூடியைத் திறந்து இரண்டாம் வாரம் பார்த்தேன், உள்ளே தேன்நிறக் கல். சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் விளிம்புவரை நிரப்பிப் பிரித்து வைத்தால் பிழைக்கும் என்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

புற ஊதா விளக்கில் இறுகும் யூவி ரெசின் அவசரத்துக்கு நல்லது. கண் வைத்த இடம், பல் பட்ட கீறல், இப்படிச் சின்ன வேலைக்கு வைத்திருக்கிறேன். மேற்பரப்பில் ஒட்டுத்தன்மை நின்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

பிறகு நான் தங்கிப்போன இடம், மெதுவாக இறுகும் எபாக்சி. ஐந்து நிமிட ஒட்டுப் பசை வேண்டாம், தூரிகையில் இருக்கும்போதே கட்டியாகிவிடும், சீக்கிரம் மஞ்சளாகும். கோட்டிங் எபாக்சி என்று கேட்டு வாங்குங்கள். அளவைக் கண்ணால் பார்க்காதீர்கள். ஊசி கழற்றிய இரண்டு சிரிஞ்சு, ஒன்று ரெசினுக்கு, ஒன்று ஹார்டனருக்கு, மாற்றிவிடாமல் இருக்க ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். புட்டியில் எடை கணக்குப் போட்டிருக்கிறதா, கன அளவா என்று படியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. அளவு தவறினால் லூர் ஆயுள் முழுக்கப் பிசுபிசுக்கும், வெயிலில் வைத்தாலும் மாறாது. கலந்ததைக் கிண்ணத்திலேயே விடாமல் தட்டையான மூடியில் பரப்புங்கள். குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே இறுகிவிடும்.

இந்த மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு. முதல் கை காய்ந்தபின் மேலே எண்ணெய் தடவியது போல ஒரு வழுவழுப்பு வரும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்ந்து செய்யும் வேலை அது. அப்படியே இரண்டாம் கை பூசினால் தாமரை இலைத் தண்ணீர்தான். தின்னரால் துடைத்தாலும் பரவத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, லேசாகத் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். நான் இரண்டு கைதான் பூசுகிறேன். மூன்றாவது பூசினால் லூர் கனத்து தண்ணீரில் நீந்தும் நடை மாறிவிடுகிறது.

எபாக்சியின் குறை எனக்குத் தெரியாமல் இல்லை. வெயிலில் மஞ்சளாகும். வெள்ளை வயிறு ஒரு வருடத்தில் பழைய பியானோக் கட்டை நிறத்துக்கு வந்துவிடும். செம்பல்லி இதுவரை குறை சொல்லவில்லை. அடியில் தொங்கும் மூன்று கிளை முள் ஆடி ஆடி வயிற்றில் வில் போலக் கோடு போடும், அதை எந்தக் கோட்டாலும் முழுக்கத் தடுக்க முடியாது. விராலுக்கு வைத்திருக்கும் ரப்பர் தவளையை மட்டும் இதே பெட்டியில் போடாதீர்கள். அதன் எண்ணெய் கசிந்து கோட்டையும் பெயிண்டையும் பிசினாக்கிவிடும். ஒரு மூலையில் இருந்த என் மூன்று லூர்கள் அப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

இதோ என் சுழற்றி. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு மோட்டார், நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று. சுற்றவில்லை என்றால் எபாக்சி வழிந்து வயிற்றில் தொங்கும். மின்சாரம் போனால் கையால் திருப்ப ஓடி வருவேன், நேற்று இரவு இரண்டு முறை ஓடினேன். அடடா, இது என்ன? கேமராவை நெருக்குகிறேன், தெரிகிறதா? செவுளுக்குப் பின்னால் ஒரு சிற்றெறும்பு, கால் ஆடுகிறது. கோட் இன்னும் இறுகவில்லை, குண்டூசி எடுக்க வேண்டும். கேமராவை நிறுத்துகிறேன்.