பகோடா: தெருவில் நின்ற பென்ஸ் 230 எஸ்எல்

[காட்சி: தெருவோரம் ஒரு வெளிர் நீல ரோட்ஸ்டர், இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இந்த வண்டியைப் பார்த்ததும் போகிற வேலையை மறந்து நின்றுவிட்டேன். மெர்சிடிஸ் பென்ஸ் 230 எஸ்எல். 1963 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார். அப்புறம் எஞ்சினைப் பெரிதாக்கி 250, 280 என்று 1971 வரை தயாரித்தார்கள். மூன்றும் சேர்த்து மொத்தம் 48,912 வண்டிகள்தான்.

[காட்சி: கூரை, நேர் முன்பக்கத்திலிருந்து.]

கூரையைக் கவனியுங்கள். சாதாரணமாகக் காரின் கூரை நடுவில் மேடாக இருக்கும். இதில் நடுப்பகுதி தாழ்ந்து, இரண்டு ஓரமும் உயர்ந்திருக்கிறது. பௌத்தக் கோயில்களின் பகோடா கூரையை நினைவூட்டியதால் வந்த பட்டப்பெயர்தான் ‘பகோடா’. இந்தக் காரைக் காதலிக்கிறவர்களுக்கு மாடல் எண்ணே தேவையில்லை, பகோடா என்றால் போதும்.

இந்தக் குழிவுக்குக் காரணம் இருக்கிறது. ஓரம் உயர்ந்திருப்பதால் பக்கக் கண்ணாடியை உயரமாக வைக்க முடிந்தது. ஏறி இறங்குவது சுலபம், வெளியே தாராளமாகத் தெரியும். தட்டையான அட்டையைவிட மடித்த அட்டை விறைப்பாக நிற்கும் இல்லையா, அதேபோல இந்த வளைவு கூரைக்குப் பலமும் தருகிறது. வேண்டாதபோது கூரையை அப்படியே கழற்றி வைத்துவிடலாம்.

இதற்குப் பின்னால் இருந்தவர் பேலா பாரேனி என்ற பொறியாளர். மோதும்போது காரின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் உட்காரும் அறை மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்று 1951இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர். அந்த யோசனையை ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குள் கொண்டுவந்தது பகோடாதான். உருவத்தை வரைந்தவர் பிரான்சைச் சேர்ந்த பால் பிராக். ஒரு கோடுகூட அதிகமாக இல்லை, பாருங்கள்.

[காட்சி: ஓடும் சக்கரம்.]

ஓட்டத்திலும் குறைவில்லை. 2.3 லிட்டர், ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன். அறிமுகத்தின்போது ஜெனீவாவுக்கு அருகிலுள்ள அன்மாஸ் பந்தயத் தடத்தில் பென்ஸின் தலைமைப் பொறியாளர் ருடால்ஃப் உலன்ஹாட் தானே ஓட்டி ஒரு சுற்றை 47.5 விநாடியில் முடித்தார். பந்தய வீரர் மைக் பார்க்ஸ் அதே தடத்தில் ஃபெராரி 250 ஜிடியில் எடுத்த நேரம் 47.3, கிட்டத்தட்ட சமம். அதே ஆண்டு ஸ்பா-சோபியா-லியேஜ் ராலி என்ற நெடுந்தூரச் சாலைப் பந்தயத்திலும் 230 எஸ்எல்தான் ஜெயித்தது.

[காட்சி: ஹெட்லைட், மிக நெருக்கத்தில்.]

சரி, இந்த வண்டி நன்றாகப் பராமரிக்கப்பட்டது என்று எப்படிச் சொல்கிறேன்? பளபளப்பை வைத்து இல்லை. பெயிண்டை யாரும் புதிதாக அடித்துவிடலாம். ஹெட்லைட்டின் உள்பக்கம் பாருங்கள். மட்கார்டும் மூக்குத் தகடும் சேரும் இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் தெரிகிறதா? தொழிற்சாலையில் வெல்டிங் வைத்த சுவடு அது. முன்பக்கம் அடிபட்டு டிங்கரிங் செய்த பல வண்டிகளில் பட்டி போட்டு அதை மூடியிருப்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது. இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில் துருக் கொப்புளம் இல்லை. இந்தக் கார்களைத் துரு தின்ன ஆரம்பிக்கிற இடமே அதுதான். கதவின் வெளித்தகடு, பானெட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம் என்பதால் தப்பித்துவிடும். உடல் எஃகு, அதற்குத்தான் காவல் வேண்டும். சக்கர மூடிகள்கூட உடலின் நிறத்திலேயே இருக்கின்றன, அந்தக் காலத்தில் வந்தபடி.

[காட்சி: உரிமையாளர் ஏறி அமர்கிறார். சாவி திரும்புகிறது.]

இப்போது சத்தத்தைக் கேளுங்கள். இதில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் கிடையாது. ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலை அளந்து அனுப்பும் பாஷ் நிறுவனத்தின் பம்ப் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல், முழுக்க இயந்திர முறையிலேயே அளக்கிறது. அளவு கொஞ்சம் கூடினாலும் கரும்புகை கக்கும், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓட்டம் (ஐட்லிங்) தடுமாறும். அதைச் சரிசெய்ய விஷயம் தெரிந்த கை வேண்டும்.

முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை.

[காட்சி: கார் நகர்ந்து திருப்பத்தில் மறைகிறது. எஞ்சின் சத்தம் மட்டும் இன்னும் சில விநாடிகள்.]