120 டிகிரி செக்டருக்கு 65 டிகிரி ஆன்டெனா ஏன்?

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "மொபைல் டவர்ல மூணு செக்டர் (ஒவ்வொரு ஆன்டெனாவும் பார்த்துக்குற பகுதி), ஒவ்வொண்ணும் 120 டிகிரின்னு போன வீடியோல சொன்னீங்க. ஆன்டெனா டேட்டாஷீட்ல 65 டிகிரின்னு போட்டிருக்கே சார், மீதி 55 டிகிரிக்கு யார் சிக்னல் குடுக்குறது?" கேள்வின்னா இதுதாங்க கேள்வி! படிச்சதுலேர்ந்து மனசுல ஓடிட்டே இருக்கு.

65ங்கறது சிக்னல் நின்னு போற இடம் இல்ல. பவர் பாதியாகுற, அதாவது 3 டிபி (டெசிபல்) குறையுற இடம். நடுவுலேர்ந்து இந்தப் பக்கம் 32.5, அந்தப் பக்கம் 32.5. அதுக்கப்புறமும் பீம் (ஆன்டெனா வீசுற சிக்னல் கற்றை) இருக்கு, மெல்ல இறங்கிட்டே போகும். செக்டர் எல்லை வர்றது 60 டிகிரில. அங்க சுமார் 10 டிபி குறைஞ்சிருக்கும்.

"ஐயோ, பத்துல ஒரு பங்குதானா"ன்னு பயப்படாதீங்க. ஒவ்வொரு செக்டரையும் ஒரு அறுகோணமா வரைஞ்சோமே, ஞாபகம் இருக்கா? மூணு அறுகோணம் சேர்ற முனையில டவர். ஆன்டெனா பார்க்குற நேர் திசையில எதிர் முனை வரைக்கும் போகணும், அது பக்க நீளத்துல ரெண்டு மடங்கு. 60 டிகிரி திசையில ஒரு பக்க நீளம் போனாலே போதும். தூரம் பாதி! பாத்லாஸ் எக்ஸ்போனென்ட் (தூரம் கூடக்கூட சிக்னல் எவ்வளவு வேகமா குறையுதுங்கற எண்) 3.5ன்னு வெச்சா, தூரம் பாதியானா 10.5 டிபி லாபம். ஆன்டெனாவுல போன 10 டிபி தூரத்துல திரும்பி வந்துடுச்சு. எவ்வளவு அழகா பொருந்துது பாருங்க!

சரி, 120 டிகிரி பீம்விட்த் (பவர் பாதியாகுற அகலம்) ஆன்டெனாவே போட்டா என்ன? எல்லையத் தாண்டி பக்கத்து செக்டருக்குள்ள 30 டிகிரி போய் நில்லுங்க. 3ஜிபிபி (மொபைல் நெட்வொர்க் தரங்களை வகுக்குற அமைப்பு) பேட்டர்ன் ஃபார்முலா போட்டுப் பார்த்தா, 65 டிகிரி ஆன்டெனாவுல அந்த செக்டரோட சிக்னல் மத்ததைவிட 20 டிபி மேல நிக்கும். 120 போட்டா வெறும் 6 டிபி. எல்டிஇல (4ஜி) மூணு செக்டரும் ஒரே ஃப்ரீக்வென்சி, மத்த செக்டர் லோடாச்சுன்னா எஸ்ஐஎன்ஆர் (சிக்னலுக்கும் இடைஞ்சல், இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) அந்த 6ஐத் தாண்டாது. எல்லையில மட்டும் இருக்க வேண்டிய தொல்லை பாதி செக்டர் வரைக்கும் வந்துடும். ஆறு செக்டர் சைட்டுக்கு 33 டிகிரி ஆன்டெனா போடுறதும் இதே கணக்குதான்.

ஆனா ஃபீல்டுல இருக்குறவங்க கேட்க வேண்டிய கேள்வி வேற: ஆன்டெனா சரி, ஜம்பர் (ஆன்டெனாவுக்குப் போற சின்ன கேபிள்) மாறிப் போயிருந்தா? டவர்லேர்ந்து 200, 300 மீட்டர் தள்ளி ஒரு சுத்து வண்டில வாங்க. அசிமுத் (ஆன்டெனா பார்க்குற திசை) 0, 120, 240 வரிசைப்படி பிசிஐ (செக்டரோட அடையாள எண்) மாறணும். ரெண்டு பிசிஐ இடம் மாறியிருந்தா முழு ஸ்வாப், உடனே தெரிஞ்சிடும். அரை ஸ்வாப்தான் ஆபத்து. செக்டருக்குப் போற போர்ட் 0, போர்ட் 1 கேபிள்கள்ல போர்ட் 1 மட்டும் வேற செக்டரோட மாறியிருந்தா பிசிஐ வரிசை சரியாவே காட்டும், ஏன்னா ஆர்எஸ்ஆர்பி (வர்ற சிக்னலோட பலம்) அளக்குறது முக்கியமா போர்ட் 0 வெச்சு. ஆனா ரேங்க் 2 (ஒரே நேரத்துல ரெண்டு டேட்டா ஓட்டம்) வராது, டவுன்லோட் படுத்துடும், ஆளுங்க டில்ட்டை (ஆன்டெனா சாய்வை) மாத்தி மாத்திப் பார்ப்பாங்க. அதுக்கு முன்னாடி ஸ்கேனர்ல போர்ட் 0, போர்ட் 1 ஆர்எஸ்ஆர்பிய தனித்தனியா பாருங்க. செக்டருக்கு நேர் நடுவுலயே 10 டிபிக்கு மேல வித்தியாசம் இருந்தா, முதல்ல ஆர்ஆர்யு (ரேடியோ பெட்டி) கிட்ட இருக்குற ஜம்பர் லேபிளை சரிபாருங்க.