எங்கள் அம்மாவும் அந்த ஆறு மணி நேரமும்

(அம்மாவின் நினைவுக் கூட்டத்தில் பேசியது. மேடையில் அவசரத்தில் விட்டுப்போன ஓரிரு வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நீதிபதி ஐயா அவர்களே, ஓய்வுபெற்ற நீதிபதி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் நீதிபதி என்றே சொல்கிறேன். வேறு இரண்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்து, அன்றிலிருந்து 'என் டாக்டர் பொண்ணு' என்று அவர் வாயால் பட்டம் வாங்கிய கண் மருத்துவர் அவர்களே. தாய்மை பற்றிய பாடல்களில் எனக்கென்று ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் பேசி அமர்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே. முன்வரிசையில் இருக்கும் அம்மாவின் தோழிகளே, உறவினர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கித் தம்பியை விட்டால் மைக் நின்றுவிடும், அவருக்கும் வணக்கம்.

அம்மாவைப் பற்றி மூன்று விஷயங்கள் சொல்லலாம் என்று வந்தேன். அவர் எங்களை வளர்த்த விதம் ஒன்று. பாட்டியான பிறகு அவர் எப்படி வேறு ஆளாக மாறினார் என்பது இரண்டாவது. மூன்றாவது அவருடைய கண்கள்.

அப்பா போனபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். அம்மா தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். எங்கள் பள்ளிக்கூடம், காலேஜ், தங்கையின் கல்யாணம் எல்லாம் அந்த மிஷினின் மிதிகட்டையில்தான் ஓடின. இதை நான் விரிக்கப்போவதில்லை. இங்கே இருக்கிற பாதிப் பேர் அவர் தைத்த சட்டையைப் போட்டு வளர்ந்தவர்கள்தான்.

அவர் அதிகம் திட்டமாட்டார். எல்லாத் திட்டுக்கும் பதிலாக ஒரே பழமொழி வைத்திருந்தார்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் தேடினால் இதுதான். நனைந்து வீடு வந்து குடையைத் தேடினாலும் இதுதான். ஒருமுறை ரயில் புறப்பட்ட பிறகு நான் பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "கண் கெட்ட பிறகு..." மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை.

அந்தக் கண்ணுக்கே பிறகு புரை வந்தது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட ஆரம்பித்தார். "வெளிச்சம் போதலை" என்று பல்பைக் குறை சொன்னார். பல்பை மாற்றினோம். நூலைக் குறை சொன்னார். நூலையும் மாற்றினோம். கடைசியில் டாக்டர் அம்மா ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார்கள்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த நாளை எங்கள் குடும்பம் மறக்காது. வாசற்படி ஏறியவர் நின்றுவிட்டார். மேலே ஒட்டடையைப் பார்த்துவிட்டார். "இந்த வீட்டில் மனுஷங்கதான் இருக்கீங்களா?" என்றார். அப்புறம் அறை அறையாக ஆய்வு. ஜன்னல் கம்பியில் தூசி, என் சட்டைக் காலரில் அழுக்கு. தங்கை பளபளவென்று விளக்கி வைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அந்த மௌனம் திட்டைவிட மோசம். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். பாசமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். "உனக்கு எப்படா இவ்வளவு நரைச்சது? நல்லாத்தானேடா இருந்தே!" அன்று மாலை பேத்தி ஒரு மருந்து அட்டையில் இருந்த பொடி எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னாள். கம்பெனி முகவரி வரைக்கும் வாசித்துவிட்டு, "இதில் பின்கோடு போடவில்லை" என்றார்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது அவர் டாக்டர் அம்மாவிடம் கேட்ட கேள்விதான் நான் இன்று பேச வந்ததற்குக் காரணம். "நான் போனதுக்கு அப்புறம் இந்தக் கண்ணை யாருக்காவது வைக்க முடியுமா? லென்ஸ் மாத்தின கண் செல்லாதா?"

செல்லும். கண் தானத்தில் பயன்படுவது கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி இருக்கும் படலம். கார்னியா என்பார்கள். நடுப்பகுதியில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். புரை விழுவதும் லென்ஸ் வைப்பதும் அதற்குப் பின்னால். அதனால் புரை ஆபரேஷன் செய்தவர், கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, வயதானவர் எல்லோரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி நோய், எய்ட்ஸ், இரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று போன்றவற்றால் இறந்தவர்களிடம் மட்டும் எடுக்கமாட்டார்கள். தெளிவான கார்னியாவில் இரத்தக் குழாய்களே கிடையாது, அதனால் பெரும்பாலும் இரத்த வகை பொருந்த வேண்டும் என்ற கவலையும் இல்லை. டாக்டர் அம்மா தலையை ஆட்டுகிறார், சரியாகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது.

இது ஏதோ நேற்று வந்த வித்தையும் இல்லை. 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஓலோமொட்ஸ் நகரில், எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு தொழிலாளிக்கு, காயத்தால் கண்ணையே எடுக்க வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கார்னியாவை வைத்தார். ஒரு கண் நிலைத்தது, அந்த மனிதர் வேலைக்குத் திரும்பினார். இறந்தவர்களின் கண்ணிலிருந்து எடுத்து வைக்கலாம் என்பதை 1930களில், இன்றைய உக்ரைனில் இருக்கும் ஒடெஸாவில், ஃபிலாடோவ் என்ற கண் மருத்துவர் பெரிய அளவில் செய்து காட்டினார். 1944இல் நியூயார்க்கில் கண் வங்கியே வந்துவிட்டது. நமக்குத்தான் இன்னும் தயக்கம்.

விளக்கத்தை எல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "போன் நம்பரை இவன்கிட்ட கொடுக்காதீங்க. இவன் அழுதுகிட்டு உட்கார்ந்துடுவான். என் பேத்திகிட்ட கொடுங்க."

அப்படியேதான் நடந்தது. அம்மா போனது நள்ளிரவுக்குப் பிறகு. நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். பேத்தியும் அழுதாள், ஆனால் அழுதுகொண்டே மின்விசிறியை நிறுத்தினாள். பாட்டியின் இமைகளை மூடி ஈரப் பஞ்சை வைத்தாள். தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தினாள். கண் வங்கிக்குப் போன் செய்தாள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதற்குப் பிறகு எத்தனை பேர் மனம் மாறினாலும், அம்மா பாஷையில், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

எங்கள் சித்தப்பாவுக்கு மட்டும் சம்மதமில்லை. "முகம் பார்க்க வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?" என்று வாசலில் நின்றார். கண் வங்கிக்காரர்கள் வந்து, எங்கள் கையெழுத்தை வாங்கி, கொஞ்சம் இரத்த மாதிரியும் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர்கள் போன பிறகு சித்தப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என் காதில், "எப்போது எடுக்க வருவார்கள்?" என்றார்.

யாருக்கு வைத்தார்கள் என்று கண் வங்கி சொல்வதில்லை. அதுதான் நல்லது. ஆனால் என் தங்கை இன்னமும் பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்களின் கண்ணை உற்று உற்றுப் பார்க்கிறாள். ஒருநாள் யாராவது சண்டைக்கு வரப்போகிறார்கள்.

நீதிபதி ஐயா துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். இது இரண்டாவது சீட்டு, முதலாவதை நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும் ஐயா. அம்மா பாட்டியான கதையைத் தங்கை சொல்வாள், அவளுக்கு அதில் என்னைவிடக் கோபமும் அதிகம்: எங்களுக்கு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தவர், பேத்திக்கு நடுராத்திரி வரை கதை சொன்னார்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிப் பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. அந்த நேரத்தில் போன் செய்யப்போவது நீங்கள் இல்லை, வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் சம்மதித்தால்தான் நடக்கும். அதனால் இன்று ராத்திரியே வீட்டில் பேசுங்கள். அழாமல் போன் செய்யக்கூடிய ஆள் யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள், நம்பரை அவரிடம் கொடுத்துவையுங்கள். நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும் ஒரு கோரிக்கை: கண் வங்கியின் தொலைபேசி எண்ணை எல்லா மயானங்களிலும் எழுதி வைக்கலாம் என்று போன மாதம் சொன்னீர்கள். நல்ல மனசு. ஆனால் மயானத்துக்கு வந்த பிறகு நம்பரைப் பார்த்து என்ன செய்வது? மருத்துவமனை வாசலிலும் தெருமுனையிலும் எழுதச் சொல்லுங்கள்.

வாசல் மேசையில் பேத்தி படிவங்களோடு உட்கார்ந்திருக்கிறாள். சித்தப்பாவின் படிவம்தான் முதலில் இருக்கிறது. அங்கே பேனா ஒன்றுதான் இருக்கிறது, சொந்தப் பேனா வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு எடுத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.